திறன்பலகை வாங்கும் முன்: பினாங்குத் தமிழ்ப்பள்ளி வாரியங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய மேலாளர் வாரிய உறுப்பினர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். முதலில் தீவுப் பக்கம், அப்புறம் பெருநிலத்தில். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு பிற்பகல், ஒரு பள்ளியில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தி வருகிறேன். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். சிலருடைய பிள்ளைகள் இப்போது அந்த வகுப்பில் இருக்கிறார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு பள்ளியின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். விருந்து நிகழ்ச்சி நடத்தித் திரட்டிய பணத்தில் எல்லா வகுப்புக்கும் விரலால் தொட்டு இயக்கும் மின்திரையான திறன்பலகை வாங்குவது, நான்காம் ஆண்டு முதல் ஆளுக்கு ஒரு டேப்லெட் கொடுப்பது என்று முடிவானது. விற்க வந்தவர் பத்து நிமிடம் படம் காட்டினார். விரலால் தொட்டால் பூமி சுற்றியது. தவளையின் வயிறு திறந்து உள்ளுறுப்புகள் தெரிந்தன. மண்டபமே கைதட்டியது. எந்தப் பிள்ளைக்கு இப்போது எது வரவில்லை, இதை வாங்கினால் அது எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. கேட்டிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். விருந்துச் சீட்டுக் கட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலிலும் தொழிற்சாலை கேன்டீனிலும் நின்ற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக் காவலர்கூட ஒரு சீட்டு வாங்கினார். அப்படிச் சேர்ந்த பணம் வீணாகக் கூடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணினிக்கு எதிரானவள் இல்லை. என் வாசிப்பு வகுப்பே ஒரு பழைய கைத்தொலைபேசியை நம்பித்தான் நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பணிக்காலத்தில் தொழில்நுட்பம் அலை அலையாகப் பள்ளிக்கு வந்தது. 1997இல், கணினி வழிக் கற்றலைப் பள்ளிக்குக் கொண்டுவரும் விவேகப் பள்ளித் திட்டத்தின் வரைவு வெளியானது. நாட்டின் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சிக்கான மல்டிமீடியா சூப்பர் காரிடோர் திட்டத்தின் முதன்மைப் பணிகளில் அதுவும் ஒன்று. 1999 முதல் 2002 வரை தொண்ணூறுக்கும் குறைவான பள்ளிகளில் சோதனை நடந்தது. மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்குக் கணினிப் பாடப்பொருள்கள் தயாராயின. பலருடைய உழைப்பு அதில் இருந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து 2003. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி வந்தது, எல்சிடி படவீழ்த்தி வந்தது, பெட்டி பெட்டியாகக் குறுந்தட்டுகள் வந்தன. 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். நான் வேலை செய்த ஒரு பள்ளியின் பொருளறையில், விளக்கு எரிந்துபோன படவீழ்த்திகள் மூன்று, உறை பிரிக்காத குறுந்தட்டுகளோடு நான் மாற்றலாகும்வரை அப்படியே இருந்தன.

அதற்குப் பிறகு 1பெஸ்தாரிநெட். நாட்டிலுள்ள சுமார் 10,000 பள்ளிகளுக்கும் இணையம், ஒவ்வொரு மாணவருக்கும் ஆசிரியருக்கும் மெய்நிகர் கற்றல் தளத்தில் ஒரு கணக்கு. 400 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட திட்டம். அந்தத் தளத்தை மிகக் குறைவானவர்களே பயன்படுத்தினார்கள் என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் கல்வியமைச்சு அந்தத் தளத்தை விட்டு கூகல் கிளாஸ்ரூமுக்கு மாறியது. 2020இல் டெலிமா என்ற அடுத்த கற்றல் தளம் வந்தது. ஒவ்வொரு முறையும் எங்களுக்கு இரண்டு நாள் பட்டறை நடக்கும். மதிய உணவு நன்றாக இருக்கும், சான்றிதழ் கிடைக்கும். திங்கட்கிழமை வகுப்புக்குள் போனால், அந்தக் கருவியை வைத்து மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கழித்தலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசிக்க ஒரு பாடவேளைகூட மிச்சம் இருக்காது.

இப்போது நீங்கள் வாங்கவிருக்கும் திறன்பலகைக்கு வருகிறேன். ஏற்கெனவே பலகை மாட்டியிருக்கும் ஒரு பள்ளியில், அந்த ஆசிரியையின் சம்மதத்தோடு ஒரு காலை முழுவதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து மணிக்குக் கிழக்குச் சன்னல் வெயில் பலகையின் மேல் விழுந்தது. சன்னல் பக்கம் இருந்த பிள்ளைகளுக்கு எழுத்து தெரியவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கையும் அணைத்தார் ஆசிரியை. அதன்பின் பலகை நன்றாகத் தெரிந்தது, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் தெரியவில்லை. மடிக்கணினி பலகையோடு இணைய ஏழு நிமிடம் ஆனது. பாடம் தொடங்கிய பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய்ச் சரியான விடையை விரலால் இழுத்துப் போட்டார்கள். முப்பது நிமிடப் பாடவேளையில் ஆறு பிள்ளைகள் பலகையைத் தொட்டார்கள். மற்ற இருபத்தொரு பேரும் அந்த ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பையன் பாடம் முடியும்வரை ஒரு கணக்குகூடப் போடவில்லை. போட வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. அந்த ஆசிரியை மிகவும் திறமையானவர். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. பலகையை மாட்டிவிட்டுப் போனவர்கள் அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேசவே இல்லை.

இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு எனக்கு நேரம் இருப்பதால் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உங்களுக்கு உதவும் என்று தோன்றுவதை மட்டும் சொல்கிறேன்.

பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான கணினிகளைக் கொடுத்தார்கள். கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்து முறையாக ஆராய்ந்த முடிவு 2012இல் வந்தது. கணினி கிடைத்த பள்ளிகளிலும் கிடைக்காத பள்ளிகளிலும் கணிதத்திலோ மொழியிலோ வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்தாமல் இல்லை, நிறையவே பயன்படுத்தினார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் முறைதான் மாறவில்லை.

2015இல், பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான ஓஇசிடி அமைப்பு பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. பள்ளிக் கணினிகளுக்குப் பெரும்பணம் செலவழித்த நாடுகளில் வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. பள்ளியில் அளவாகக் கணினி பயன்படுத்தும் மாணவர்கள் அரிதாகப் பயன்படுத்துவோரைவிடச் சற்று நன்றாகச் செய்தார்கள். மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் எல்லாரையும்விடப் பின்தங்கினார்கள். பதினைந்து வயது மாணவர்களுக்கு அந்த அமைப்பு நடத்தும் பிசா 2022 சோதனையில் நம் நாட்டின் கணித மதிப்பெண் 440லிருந்து 409க்கும், வாசிப்பு 415லிருந்து 388க்கும் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதே சோதனையில், ஓஇசிடி நாடுகளில் மாணவர்களில் 65 விழுக்காட்டினர் குறைந்தது சில கணித வகுப்புகளிலாவது மின்கருவியால் கவனம் சிதறுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கருவிதான் மதிப்பெண்ணை இறக்கியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, இடையில் பெருந்தொற்றும் வந்து போயிற்று. ஆனால் டேப்லெட் கொடுத்தால் பிள்ளை தானாகப் படிக்கும் என்று சொல்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டலாம்.

என் மனத்தில் நின்றவை இந்தியாவில் நடந்த இரண்டு ஆய்வுகள். முதலாவது டெல்லியில். முரளிதரன், சிங், கனிமியன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 619 மாணவர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குப் பள்ளி முடிந்த பிறகு ஒரு கணினி நிரல் மூலம் பயிற்சி கிடைக்கச் செய்தார்கள். பிள்ளை ஏழாம் வகுப்பில் இருந்தாலும் அவனுக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குதான் தெரியும் என்றால் அந்த நிரல் மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கும். அதோடு நிற்கவில்லை. கணினிக்கு முன் பாதி நேரம், சிறு குழுவாக ஓர் ஆளிடம் பாடம் கேட்பது மீதி நேரம். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளையைக் கணிதத்தில் பதினான்கு இடம் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் வெளியான அந்தக் கட்டுரையை நான் மூன்று முறை படித்தேன்.

இரண்டாவது குஜராத்தில் நடந்தது. லின்டன் என்ற ஆய்வாளர் ஒரே கணினிப் பயிற்சியை இரண்டு விதமாகச் சோதித்தார். சில பள்ளிகளில் வழக்கமான வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கணினிக்கு அனுப்பினார்கள். மற்ற பள்ளிகளில் வகுப்புக்கு வெளியே கூடுதல் நேரமாகக் கொடுத்தார்கள். கூடுதலாகக் கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியரின் நேரத்தைப் பறித்துக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள், அந்தப் பயிற்சியே கிடைக்காத பிள்ளைகளைவிடக் குறைவாகக் கற்றார்கள். ஒரே கணினி, ஒரே நிரல். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பொருளறைப் படவீழ்த்திகள் நினைவுக்கு வந்தன.

ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1983லேயே சொன்ன ஓர் ஒப்புமை உண்டு. மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரியால் நம் உடம்புக்குச் சத்து கூடுவதில்லை, உள்ளே இருக்கும் சாமானால்தான் கூடுகிறது, பாடம் சொல்லும் சாதனமும் அந்த லாரி போலத்தான் என்றார் அவர். நாற்பது ஆண்டுகளாக இதை எதிர்த்தும் ஆதரித்தும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சாதனமும் ஓரளவு முக்கியம்தான் என்பது என் எண்ணம். ஆனால் நம் கூட்டங்களில் லாரியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

சரி, என் கைத்தொலைபேசிக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கல்வியமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. என் வகுப்பில் இருந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே கைத்தொலைபேசி. அதை அப்பா பிறை தொழிற்பேட்டைக்கோ பாயான் லெப்பாசுக்கோ வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், இரவு ஏழரைக்குத்தான் வீடு திரும்பும். அதற்கு அக்கா, தம்பி என்று மூன்று பேர் காத்திருப்பார்கள். காலை எட்டு மணிக்கு இணைய வகுப்பு வைத்தால் ஐந்து பேர் வருவார்கள். ஆகவே இரவு எட்டு மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு பத்தியைப் படமெடுத்து அனுப்பினேன். பிள்ளை அதை ஒரு நிமிடம் உரக்க வாசித்துக் குரல் பதிவாகத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிடப் பதிவுக்கு டேட்டா அதிகம் போகாது. முதல் வாரம் ஒன்பது பதிவுகள் வந்தன. ஒரு மாதத்தில் வகுப்பே அனுப்பியது. நான் படுக்கையில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகக் கேட்பேன். பின்னணியில் தாளிக்கும் சத்தம், தொலைக்காட்சிச் சத்தம், நடுவில் அந்தப் பிள்ளையின் குரல். இருபத்தேழு ஆண்டு பாடம் நடத்தியும், ஒரு தனிப் பிள்ளை வாசிப்பதை ஒரு நிமிடம் முழுதாகக் கேட்டது அப்போதுதான் என்று தெரிந்தது. வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். அந்தக் கூட்டுக் குரலில் வாசிக்கத் தெரியாதவன் ஒளிந்துகொள்ள முடியும்.

அந்தப் பதிவுகளில் ஒன்றைக் கண்டுகொண்டேன். தமிழில் பின்தங்கும் பிள்ளை பெரும்பாலும் சொல்லின் தலையில் தடுக்குவதில்லை, வாலில்தான் தடுக்குகிறது. நம் மொழியில் சொல் நீண்டுகொண்டே போகும். 'தோட்டத்திலிருந்து' என்று எழுதியிருந்தால் 'தோட்டம்' என்பதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்து 'தோட்டத்தில்' என்று முடித்துவிடும். 'வந்திருக்கிறார்கள்' என்பது 'வந்தாங்க' ஆகிவிடும். பொருள் பாதி புரியும், பாதி நழுவும். ஐந்தாம் ஆண்டில் கருத்துணர் கேள்விக்கு விடை தவறும்போது பிள்ளைக்குப் புரியவில்லை என்று நாம் நினைக்கிறோம். இரண்டாம் ஆண்டிலேயே சொல்லின் வாலை விழுங்கிப் பழகியதுதான் பல நேரம் காரணம்.

இப்போது என் பிற்பகல் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், மூன்றாம் ஆண்டு. போன மாதம் ஒரு பத்தி வாசித்தாள். 'தாத்தா தோட்டத்திலிருந்து கீரை பறித்து வந்தார்' என்ற வரியில் அதே தவறு. சொன்னேன். "சரியாத்தானே டீச்சர் படிச்சேன்" என்றாள். பொய் சொல்லவில்லை, அவள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. பதிவை ஓடவிட்டேன். வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு தன் குரலைக் கேட்டாள். குரல் 'கீரை'க்குப் போய்விட்டது, விரல் 'லிருந்து'வின் மேலேயே நின்றது. மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை நிமிர்ந்து பார்த்து, "முழுங்கிட்டேன் டீச்சர்" என்றாள். அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே நான்கு முறை பதிவு செய்து, நான்காவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டாள். இப்போது கண்ணில் படும் நீண்ட சொற்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டு திரிகிறாள்.

அந்தக் கைத்தொலைபேசி என் மகன் தூக்கிப்போட இருந்தது, திரையில் கீறல் விழுந்தது. எந்தச் செயலியும் வாங்கவில்லை. இது ஆய்வு ஆகாது என்று எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, நானே ஆசிரியை, நானே கணக்கெடுப்பவள். ஆனால் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி முதலில் இருந்தது, கருவி அதற்குப் பின் வந்தது. டெல்லியில் செய்ததும் அதுதான். பிள்ளை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கினார்கள்.

ஆங்கிலத்தில் வாசிக்கக் கற்பதைப் பற்றிப் புத்தக அலமாரி அலமாரியாக ஆய்வு இருக்கிறது. தமிழ்ப் பிள்ளை சொல்லின் வாலை எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது, ணகரமும் னகரமும் எந்த வயதில் கண்ணில் பிரிகின்றன என்பதெல்லாம் நம் வகுப்பறையில்தான் தெரியும். வேறு மொழிக்குச் செய்த செயலியைத் தமிழாக்கிக் கொடுத்தால் அது இந்தத் தவறைப் பார்க்கவே பார்க்காது. போன ஆண்டு ஒரு பள்ளியில் ஒரு நிறுவனத்தின் செயலியைப் பார்த்தேன். 'கொக்கு' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு வெற்று வட்டம் என்று உடைந்து கிடந்தது. எழுத்து கற்கும் பிள்ளைக்கு அதைக் காட்டலாமா? தமிழைக் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் கொண்டுவந்ததில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம்மவர். உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமத்தின் தமிழ் இணைய மாநாடு 2001லும் 2013லும் கோலாலம்பூரில் நடந்தது. எழுத்து உடையும் சிக்கலுக்கு விடை கிடைத்துப் பல காலம் ஆகிறது. இன்றும் உடைந்த எழுத்தோடு விற்க வருபவர், தன் பொருளைத் தமிழ்ப் பிள்ளை முன் வைத்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அதே பள்ளியில் இன்னொன்றும் நடந்தது. சந்தா ஓராண்டு. ஆண்டு முடிந்த மறுநாள் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் ஓராண்டு செய்த பயிற்சி, எங்கே தவறு செய்தார்கள் என்ற பதிவு எல்லாம் அதோடு போயிற்று. தலைமையாசிரியர் பலமுறை தொலைபேசியில் பேசியும் ஒன்றும் திரும்பவில்லை. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இனி நான் கேட்பது.

கையெழுத்துப் போடும் முன், வாரியத்திலிருந்து ஒருவரும் சங்கத்திலிருந்து ஒருவரும் ஒரு முழு நாள் வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்காருங்கள். விற்பவரைத் தன் படத்தை விட்டுவிட்டு, நம் பள்ளியின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடு, நம் பாடநூலின் ஒரு பக்கத்தை வைத்து முப்பது நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள் கையால் எதையாவது செய்தார்கள் என்று எண்ணுங்கள். 'கொக்கு', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' மூன்றையும் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பதிவுகள் பள்ளிக்குச் சொந்தம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் கையிலிருந்து பென்சிலை எடுத்துவிடாதீர்கள். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் மூளையில் வாசிப்புக்குரிய பகுதிகள் விழித்தன, தட்டச்சு செய்து பழகிய எழுத்துக்கு அப்படி இல்லை. நம் எழுத்தோ 247, அதன் சுழியும் கொம்பும் கை வழியாகத்தான் மனத்தில் உட்காரும். நூலகத்துக்கு ஒதுக்கும் பணத்தையும் குறைக்க வேண்டாம். 54 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், தகவல் தரும் பகுதிகளைத் தாளில் வாசித்தவர்கள் திரையில் வாசித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டது தெரிந்தது.

பணத்தில் ஒரு பங்கை ஆசிரியரின் நேரத்துக்குக் கொடுங்கள். கால அட்டவணையை நீங்கள் மாற்ற முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பாரங்களை நிரப்பவும் தரவுகளை ஏற்றவும் பகுதி நேரமாக ஓர் உதவியாளரை வைத்தால், ஓர் ஆசிரியைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் மிஞ்சும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பதினைந்து பிள்ளைகளின் வாசிப்புப் பதிவைக் கேட்டுவிட முடியும். ஒரு திறன்பலகையின் விலையை விசாரித்துவிட்டு, அதே பணத்தில் அப்படி ஓர் உதவியாளரை எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று உங்கள் பொருளாளரைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கேட்பது கொஞ்சம் பெரியது. நம் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வயதைக் கணக்கிடுகிறோம். மிண்டனில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. குளுகோரில் தென்கிழக்காசிய நாடுகளுக்கான அறிவியல், கணிதக் கல்வி மையமான ரெக்சாம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் வாங்கிக் கொடுக்கப் பணம் எப்படியும் போதாது. அப்படியானால் யாருக்கு முதலில் என்பதைச் செல்வாக்கை வைத்து முடிவு செய்யாமல், 28 பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். 14 பள்ளிகளுக்கு இந்த ஆண்டு, மற்ற 14க்கு அடுத்த ஆண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாப் பள்ளியிலும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். ஆண்டு முடிவில் மறுபடி எண்ணுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இதை முறையாக வடிவமைத்துத் தர ஒருவரைக் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுங்கள், பலனில்லை என்று வந்தாலும். அடுத்து வாங்கப்போகிற பேராக், சிலாங்கூர், ஜொகூர் பள்ளிகளுக்கு அது எவ்வளவு உதவும்! மூன்றாம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், சொல்ல ஓர் எண்ணாவது நம் கையில் இருக்கும்.

இதற்கு என் பங்காக நான் என்ன செய்ய முடியும் என்றும் சொல்லிவிடுகிறேன். வாசிப்புப் பத்திகள் நாற்பது எழுதி வைத்திருக்கிறேன், சொல்லின் வால் குட்டையாக இருப்பதிலிருந்து நீளமானது வரை வரிசைப்படுத்தி. எந்தப் பள்ளியும் நகல் எடுத்துக்கொள்ளலாம், எனக்குப் பணம் வேண்டாம். எண்ணும் முறையை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்க எந்தச் சனிக்கிழமையும் வருவேன், பாலத்துக்கு இந்தப் பக்கமானாலும் சரி, அந்தப் பக்கமானாலும் சரி.

என் வகுப்பு செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் பிற்பகல் இரண்டு மணிக்கு. உங்கள் அடுத்த வாரியக் கூட்டத்துக்கு முன் ஒரு நாள் வாருங்கள். அந்தப் பெண் குழந்தை இந்த வாரம் 'பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல்லில் நிற்கிறாள். அதை அவள் முழுதாக வாசிப்பதை நீங்களும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்
பினாங்கு